வெள்ளையடிக்குமுன் ஒரு கணக்கு



"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்" என்று நம் பெரியோர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவைத்தார்கள். இன்று குரங்கணியிலும் போடியைச் சுற்றிய சிற்றூர்களிலும் அவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. புதுவீட்டுக்குக் குடிபோவதே ஒரு கலியாணமாகிவிட்டது. பந்தலும் ஒலிபெருக்கியும் பிரியாணியும் இல்லாமல் புதுவீட்டுக்குள் காலெடுத்து வைப்பது மானக்கேடு என்று பலர் நினைக்கிறார்கள். ஆகையால் இந்த வாரப் பாடமாக, கூரைத் தளம் போட்டு முடிந்தபின் எஞ்சி நிற்கும் வேலைகளைப்பற்றிப் பேசுவோம்.

முதலில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கணவனும் மனைவியும் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறவர்கள். ஆவணியில் தளம் போட்டார்கள். ஐப்பசியில் குடிபோக நாள் குறித்தார்கள். கையிலிருந்த பணம் வண்ணத்துக்கும் வாசல் அலங்காரத்துக்கும் போயிற்று. விருந்துக்கென்று நூற்றுக்கு மூன்று வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார்கள். கார்த்திகை மழையில் தளத்தின்மேல் தண்ணீர் குளம்போல் நின்று சுவர்வழியே இறங்கியது. ஈரங்காயாத சுவரில் அடித்த வண்ணம் தோல் உரிவதுபோல் உரிந்தது. கழிவறைக்குக் குழியே வெட்டவில்லை. வயதுவந்த பெண்பிள்ளை இருட்டும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மாதம் 3,000 ரூபாய் வட்டி கட்டமுடியாமல், பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த அந்தப் பிள்ளையையே படிப்பை நிறுத்திக் காய் பறிக்க அனுப்பினார்கள்.

அந்த வீட்டை மந்திரித்தவன் நானே. தீர்த்தம் தெளித்தேன், விருந்தும் உண்டேன். கழிவறை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி வந்தேன். அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

பாடம் ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத வேலைகளை முதலில் முடியுங்கள். கண்ணுக்குத் தெரிகிறவை காத்திருக்கும். எவை முதலில் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, தண்ணீர்.

புதுத் தளத்துக்குத் தண்ணீரே உணவு. தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாள். இக்காலத்தில் பெரும்பாலும் விற்கப்படும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டானால் 10 நாள், வெயில் கடுமையானால் 14 நாள். பூசிய சுவரையும் ஒரு வாரமாவது நனைத்துவர வேண்டும். இந்தச் செலவற்ற வேலையில் சோம்பினால், பின்னால் விரிசலுக்குச் செலவிட நேரும்.

பிறகு மேல்தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதிக்கும்போது, வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்தடிக்கு இரண்டங்குலச் சரிவு போதும். வேலை முடிந்ததும் நீர்க்குழாயை அடைத்து, ஒருநாள் முழுதும் தளத்தில் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழே ஈரம் தெரிந்தால், கொத்தனார் கணக்கு முடித்துப் போகுமுன்னே சரிசெய்துகொள்ளலாம்.

அந்த நீரை வீணாக்கவும் வேண்டாம். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 360 சதுர அடிக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,600 லிட்டர் நீர் விழும். சரிவில் வீடு கட்டியோர் மேட்டுப்பக்கச் சுவரை ஒட்டி ஒரு வடிகால் வெட்டுங்கள். தாங்குசுவர் எழுப்பினால், உள்ளே ஊறும் நீர் வெளியேற அதில் துளைகள் விடுங்கள். பின்னால் நீர் தேங்கினால், எவ்வளவு தடித்த சுவரையும் அது தள்ளிவிடும்.

இரண்டாவது, கழிவறை.

வாசற்கதவு வைக்குமுன்பே இது முடியவேண்டும் என்பேன். மண் நீரை உறிஞ்சும் இடங்களில் இரட்டைக்குழிக் கழிவறை எளியது, சிக்கனமானது. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழி இரண்டாண்டில் மக்கி எருவாகிவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 10 மீட்டராவது, அதாவது 33 அடியாவது, இருக்கட்டும். கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் குழி வேண்டாம். பாறை நிலமானால் கழிவுத்தொட்டிதான் கட்டவேண்டும். அதற்குள் எவரையும் எக்காலமும் இறக்காதீர்கள். அதிலுள்ள விஷவாயு நொடியில் உயிரைக் குடிக்கும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்கிறது.

மூன்றாவது, மின்சாரம்.

சுவர் பூசுமுன்பே குழாய் பதித்துவிட வேண்டும். பூசியபின் சுவரை வெட்டினால் இரட்டைச் செலவு. கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூசினால் விரிசல் குறையும். எர்த் கம்பி நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று கேட்டறியுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்று உண்டு. ஈரக்கையால் சுவிட்சைத் தொட்ட பிள்ளையை அது காப்பாற்றும். அலங்கார விளக்கு ஒன்றைக் குறைத்து அதை வாங்குங்கள்.

நான்காவது, வண்ணம்.

இதைக் கடைசியில் வைத்தேன். புதுச் சிமெண்டுப் பூச்சில் ஈரமும் காரமும் இருக்கும். ஒரு மாதமாவது காயவிட்டே பெயிண்ட் அடிக்கவேண்டும். அவசரமானால் சுண்ணாம்பு அடித்துக் குடிபோங்கள்; சுண்ணாம்புக்குள் சுவர் மூச்சுவிடும். பெயிண்ட் வாங்கும்போது ஈயம் கலவாதது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஆகவேதான் 2017 நவம்பர் முதல், பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் ஈயம் கூடாது என்று நம் நாட்டில் விதி உண்டு.

"பூசாத வீட்டில் எப்படிக் குடியிருப்பது? நாலுபேர் என்ன சொல்வார்கள்?" என்று கேட்பீர்கள். நம் மலைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில், 1960-களில் லாரி பேக்கர் என்பவர் குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாகவே 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். பின்னர் திருவனந்தபுரத்தில் ஒரு பாறைச் சரிவில் தமக்கென்று வீடு கட்டினார். சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், அதன் போக்கிலேயே கட்டினார். இடித்த கட்டடங்களில் கிடைத்த மரங்களையும் கதவுகளையும் எடுத்தாண்டார். வேண்டியபோது வேண்டிய அறையைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவந்தார். ஏழைகளுக்குக் கட்டிய வீடுகளிலும் செங்கற்சுவர்களைப் பூசாமலே விட்டார். 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பூசாத சுவர் அவருக்கு அவமானமாகவில்லை. நமக்கு மட்டும் ஏன்? ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பூசாமல் விடும் சுவருக்கு நன்கு வெந்த செங்கல்லும் ஒழுங்கான கட்டுவேலையும் வேண்டும்.

இனி, கணக்கு.

2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று வகுத்தது. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. இப்படிப்பட்ட உதவி பெறுவோரும் சொந்தப் பணத்தில் கட்டுவோரும் தவறுவது ஒரே இடத்தில்தான். அஸ்திவாரத்தை அகலப்படுத்தி, ஓர் அறையைக் கூட்டி, தளம் முடியுமுன் பையைக் காலிசெய்துவிடுகிறார்கள். பிறகு வட்டிக்காரர் வாசலே கதி. நூற்றுக்கு மூன்று வட்டியென்றால், ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய். மூன்று ஆண்டுக்குள் வட்டியே முதலைத் தாண்டிவிடும். முதலோ அப்படியே நிற்கும். கோபுரங்கட்டத் தொடங்கி முடிக்கமாட்டாமற்போன மனிதனைப்பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்னவர் அவரே.

ஆகையால் தளம் போடுமுன்பே மேற்சொன்ன முதல் மூன்று வேலைகளுக்கும் வேண்டிய பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். வீட்டுத் தலைவியின் கையில் அது இருக்கட்டும். பளிங்குத் தரை, வண்ணம், வாசல் வளைவு ஆகியவற்றைக் காய் அறுவடைப் பணம் வரவர, ஆண்டுக்கு ஒன்றாகச் செய்துகொள்ளலாம்.

வீட்டை மந்திரிப்பதுபற்றி ஒரு வார்த்தை. அதற்குப் பந்தலும் விருந்தும் வேண்டியதில்லை. வெள்ளையடிக்காத சுவருக்கும் செபம் ஒன்றே, தீர்த்தம் ஒன்றே. ஒரு பாடுபடு சுரூபமும், எரியும் ஒரு மெழுகுதிரியும், வீட்டார் அனைவரும் இருந்தால் போதும். கருப்பட்டிக் காப்பி ஒரு குவளை கொடுத்தால் மகிழ்ச்சியோடு குடிப்பேன். ஆனால் இனிமேல் வாசலில் நுழையுமுன் ஒன்று கேட்பேன்: கழிவறை எங்கே?

இந்த ஞாயிறு மாலை, செபமாலை முடிந்ததும், வீட்டார் கூடியிருந்து இவற்றைப் பேசிப் பாருங்கள்:

1. நம் வீட்டில் முடியாமலிருக்கும் வேலைகளில், மழைக்குமுன் முடித்தே தீரவேண்டியது எது?

2. பிறர் பார்ப்பதற்காக மட்டும் செய்ய நினைத்த செலவு எது? அது எத்தனை மாத வட்டி?

3. இந்த வீட்டுக் கடனுக்காக நம் பிள்ளைகளில் எவருடைய படிப்பாவது நிற்குமா?

மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், வேலையை அன்றே நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள். சேர்ந்து கணக்குப் பார்ப்போம். பூசாத சுவர் பத்தாண்டு காத்திருக்கும். பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை காத்திருக்க முடியாது.

உங்கள் பங்குக் குரு