சிறை விடுப்பும் திரும்பும் நாளும்

தண்டனை பெற்றுச் சிறையிலிருப்பவர் குடும்பக் கடமையின் பொருட்டுச் சில நாட்கள் வீடு வந்து செல்வதைப் ‘பரோல்’ என்கிறோம். நம் மாநிலத்தில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி இது ‘விடுப்பு’ என்று வழங்கப்படுகிறது. இது விடுதலையன்று, தண்டனை சிறிது காலம் நிறுத்திவைக்கப்படுவதேயாகும்.

விடுப்பு இருவகைப்படும். நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், திருமணம் ஆகியவற்றிற்கு அளிக்கப்படுவது அவசர விடுப்பு. குடும்பப் பிழைப்புக்கு வழி செய்தல், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தல், வீட்டைப் பழுதுபார்த்தல், பாகப்பிரிவினை, விதைப்பு, அறுவடை முதலியவற்றிற்கு அளிக்கப்படுவது சாதாரண விடுப்பு. உழவுத் தொழிலையும் விதிகள் மறந்துவிடவில்லை. இதன் பொருட்டு அதிகாரிகள் ஊருக்கு வந்து விசாரிக்கும்போது, ஊராட்சி உறுப்பினர்கள் விருப்பு வெறுப்பின்றி உண்மையைக் கூறுதல் வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். தண்டையார்பேட்டைத் தொழிலாளி ஒருவர் புழல் மத்தியச் சிறையில் தண்டனை அனுபவித்து வருகிறார். பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய தந்தை காலமாகிறார். ஈமக்கடனுக்கு விடுப்புக் கிடைக்கிறது. திரும்பும் நாள் வந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியமோ இன்னும் நடைபெறவில்லை. “இரண்டு நாள் கழித்துப் போனால் என்ன?” என்று உறவினர் தடுக்கின்றனர். தவறு நேர்வது இவ்விடத்தில்தான்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473-ஆம் பிரிவின்படி, நிபந்தனை மீறப்பட்டால் அரசு அந்நிறுத்திவைப்பை ரத்துச் செய்யலாம். காவலர் பிடியாணையின்றியே கைது செய்யலாம். எஞ்சிய தண்டனையை அனுபவித்தே தீரவேண்டும். அடுத்த முறை விடுப்புக் கேட்கும்போதும் இம்மீறல் குறுக்கே நிற்கும். ஆயுள் கைதியின் முன்விடுதலைக்குரிய ஆண்டுகளைக் கணக்கிடுகையில் பரோல் நாட்களைச் சேர்க்கலாகாது என்று 2023-இல் கோவா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. ஆதலின் வெளியே தங்குவதால் தண்டனை குறைவதில்லை.

நேர்வழி யாது? விடுப்பு முடியுமுன்பே நீட்டிப்புக் கோரி மனுச் செய்வதேயாகும். 2019 ஜூலையில் நளினி, மகளின் திருமண ஏற்பாட்டிற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 30 நாள் விடுப்பில் வந்தார். முறைப்படி கேட்டு மேலும் மூன்று வாரம் பெற்றார். பின்னர்ச் சிறைக்குத் திரும்பினார். அனுமதி வந்தால் தங்கலாம். வராவிடில் குறித்த நாளில் திரும்பவேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களே! விடுப்பில் வந்தவரின் திரும்பும் நாளை முதல் நாளே கேட்டறியுங்கள். மனு எழுதத் தெரியாத குடும்பத்திற்கு எழுதிக் கொடுங்கள். அறுவடை மீதமிருப்பின் அண்டை அயலார் கூடி முடித்துத் தரட்டும். அவர் நாள் தவறாது திரும்பட்டும். தலைமறைவாக ஒளித்துவைப்பது உதவியன்று. அது ஒளிப்பவரையும் வழக்கிற்கு உள்ளாக்கும்.