மரவள்ளிக் கிழங்கின் பாயிண்டை வயலிலேயே கணிக்கலாம்

ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பகுதிகளில் மரவள்ளி பயிரிடும் உழவர் பெருமக்களுக்குப் ‘பாயிண்ட்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கின் எடையோடு, அதிலுள்ள மாவின் அளவையும் பார்த்தே விலை போடுகின்றனர். ஒரு பேச்சுக்கு, டன்னுக்குப் பாயிண்ட் ஒன்றுக்கு ரூ. 300 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாயிண்ட் குறைந்தால் டன்னுக்கு ரூ. 600 போய்விடும். ஏக்கருக்கு 10 டன் எடுப்பவருக்கு அது ரூ. 6,000. இவ்வளவு பணத்தை முடிவு செய்யும் அளவை, வண்டி ஆலைக்குள் நுழைந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, கிழங்கு மண்ணில் இருக்கும்போதே அறிந்துகொள்வது நல்லதல்லவா? இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. 5 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தொங்கு தராசு, ஒரு கூடை, ஒரு தண்ணீர்த் தொட்டி ஆகியவை போதும்.

மாவு தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே மாவு மிகுந்த கிழங்கு தண்ணீருக்குள் கூடுதல் எடை காட்டும். உருளைக்கிழங்குக்கு ஐரோப்பாவில் நெடுங்காலமாகக் கையாளப்படும் முறையும் இதுவே.

செய்முறை

வயலின் ஓரச் செடிகளை விட்டு, உள்ளே நாலைந்து இடங்களில் ஒவ்வொரு செடியைப் பிடுங்குங்கள். பெரியதும் சிறியதுமாகக் கிழங்குகளைக் கலந்து எடுக்க வேண்டும். பெருத்தவற்றை மட்டும் பொறுக்கினால் நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வதாகும். மண் போகக் கழுவி, கட்டை போன்ற காம்புப் பகுதியை நறுக்கிவிட்டு, ஈரம் துடைத்துச் சரியாக 5 கிலோ நிறுத்துக்கொள்ளவும். பிறகு கூடையிலிட்டு, தொட்டியின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீரில் முழுவதும் மூழ்கத் தொங்கவிட்டு எடை பார்க்கவும்.

5 கிலோ கிழங்கு தண்ணீருக்குள் 450 கிராம் காட்டினால் அதன் உலர்பொருள் சுமார் 32 சதம், 500 கிராம் என்றால் 34 சதம், 550-க்கு 36, 600-க்கு 38. கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தாரின் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்ட எண்கள் இவை. நார், சர்க்கரை முதலியவற்றுக்காக நான்கு முதல் ஐந்து வரை கழித்தால் மாவின் அளவு தோராயமாகக் கிடைக்கும். அதாவது 500 கிராம் காட்டும் கிழங்கில் மாவு ஏறக்குறைய 29 சதம்.

தண்ணீரில் 25 கிராம் வேறுபட்டால் ஒரு சதம் மாறிவிடும் என்பதை மறவாதீர். இங்கேதான் கூடையின் எடையில் கவனம் வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள இரும்புக் கூடை தண்ணீருக்குள் சுமார் 870 கிராம்தான் இருக்கும். வெறுங்கூடையை வெளியே நிறுத்து அந்த எடையைக் கழித்தால், கிழங்குக்குச் சேர வேண்டிய 130 கிராம், அதாவது ஐந்து பாயிண்ட், காணாமற் போகும்! வெறுங்கூடையையும் தண்ணீருக்குள் தொங்கவிட்டே நிறுத்துக் கழிக்க வேண்டும். கிழங்கில் ஒட்டிய காற்றுக் குமிழிகளும் எடையைக் குறைக்கும். கூடையை இரண்டு மூன்று முறை குலுக்கிவிடுங்கள். உப்பு மிகுந்த கிணற்று நீரிலும் எடை குறைவாகவே காட்டும். மண் ஒட்டியிருந்தால் மாறாக எடை கூடிக் காட்டும். அந்த மகிழ்ச்சி ஆலை வாசல் வரைதான்.

இரகமும் பருவமும்

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட எச்-226 இரகத்தில் 28 முதல் 30 சதம் மாவு உண்டு. பத்து மாதப் பயிர். அதே ஆண்டு வந்த எச்-165 எட்டு, ஒன்பது மாதத்தில் முடியும். மாவு 23 முதல் 25 சதமே. ஆகவே எச்-165 கிழங்கு தண்ணீரில் 360 கிராம் காட்டினால் அது குறையன்று, அதன் இயல்பு. கசப்பான கிழங்கில்தான் மாவு அதிகம் என்று எண்ண வேண்டாம். கசப்பு, சயனைடைத் தரும் லினமாரின் என்ற பொருளால் வருவது. பாயிண்டுக்கு அது அளவுகோலாகாது. பச்சைக் கிழங்கைக் கடித்துப் பார்ப்பது உடலுக்கும் ஆகாது.

வறட்சியில் இலையுதிர்த்து நின்ற பயிருக்கு நல்ல மழை கிடைத்தால், செடி கிழங்கில் சேர்த்த மாவையே சர்க்கரையாக்கிப் புதுத் தளிர் விடும். பார்வைக்கு வயல் செழிப்பாக இருக்கும், பாயிண்டோ இறங்கிவிடும். எனவே அறுவடைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை ஏறிக்கொண்டிருந்தால் பொறுக்கலாம். ஏற்றம் நின்று, வானமும் கறுத்தால் ஆள் கூப்பிட்டுவிடுவதே மேல். தளிர் விட்ட பின் அளவு இறங்கியிருந்தால், இலைகள் முற்றி அளவு மீண்டும் ஏறும் வரை காத்திருக்கலாம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெடத் தொடங்குவதால், ஆலையில் இடம் கேட்டுக்கொண்ட பிறகே பிடுங்க வேண்டும்.

நம் கணக்கும் ஆலையின் பாயிண்டும் அப்படியே ஒத்துவர வேண்டும் என்பதில்லை; அவரவர் தராசின் குறியீடு வேறாக இருக்கலாம். முதல் வண்டிக் கிழங்கை நீங்களும் நிறுத்து, ஆலையில் சொன்ன பாயிண்டையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வண்டிகளுக்கும் அதே வேறுபாடுதான் வர வேண்டும். வராவிட்டால், கையிலுள்ள சீட்டைக் காட்டி மறுபடி நிறுக்கச் சொல்லிக் கேட்கலாம்.