மலையேறும் இரயில்களும் காத்திருக்கும் படக்கருவிகளும்

சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் வாஸன் என்னும் சிற்றூர் உள்ளது. ஊரின் மேட்டில் வெண்ணிறத் தேவாலயம் ஒன்று நிற்கிறது. வடக்கிலிருந்து மலையேறி வரும் இரயிலில் அமர்ந்திருப்பவர் அத்தேவாலயத்தை மூன்று முறை காணலாம். முதலில் அது தலைக்கு மேலே தெரியும். சற்று நேரத்தில் கண்ணுக்கு நேராகத் தெரியும். பின்னர்க் கீழே, பள்ளத்தில் தெரியும். தேவாலயம் இடம் மாறுவதில்லை. இரயில் பாதைதான் மலைக்குள் வளைந்து திரும்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே ஏறுகிறது. இதனால், ஊரில் நிற்கும் ஒருவர் ஒரே இரயிலை மூன்று வெவ்வேறு உயரங்களில் படம் எடுக்க முடியும். இரயில்களைப் படமெடுப்போர் பல நாடுகளிலிருந்தும் இவ்வூரைத் தேடி வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வாஸன் வழியாகச் செல்லும் இந்தப் பாதையின் பெயர் கோட்டார்ட் மலைப்பாதை. ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கடந்து, வடக்கு ஐரோப்பாவை இத்தாலியுடன் இணைக்கும் நோக்கில் இது அமைக்கப்பட்டது. மலையடிவாரத்திலுள்ள எர்ஸ்ட்ஃபெல்ட் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 472 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோஷனன் நிலையமோ 1,106 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தைவிட அதிகமான உயரத்தை ஓர் இரயில் அந்தத் தொலைவுக்குள் ஏறியாக வேண்டும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் எளிதில் வழுக்கும். ஆகவே, பாதையைச் செங்குத்தாக அமைக்க இயலாது. அதனால்தான் பொறியாளர்கள் மலையைக் குடைந்து, பாதையைச் சுற்றிச் சுற்றி மேலே கொண்டு சென்றனர்.

கோஷனனிலிருந்து 15 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை தொடங்குகிறது. 1872-இல் தொடங்கிய அதன் பணி 1882-இல் நிறைவுற்றது. இப்பணியில் ஏறத்தாழ 200 தொழிலாளர்கள் விபத்துகளில் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். பணியை ஏற்று நடத்திய லூயி ஃபாவ்ர், 1879-இல் சுரங்கத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது அங்கேயே உயிர் நீத்தார். கட்டுமானம் நடைபெற்ற அக்காலத்திலேயே நிழற்படக் கலைஞர்கள் அங்கு வந்துவிட்டனர். பாதி கட்டிய பாலங்களையும் குடையப்பட்ட பாறைகளையும் அவர்கள் படமெடுத்தனர். அப்பாதை எவ்வாறு உருவானது என்பதை இன்று நாம் கண்ணால் காண்பதற்கு அப்படங்களே துணை நிற்கின்றன.

மலைப்பாதையில் இரு வகை இரயில்கள் ஓடின. பயணிகள் இரயிலுக்குக் கால அட்டவணை உண்டு. அது எப்போது வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். சரக்கு இரயில் அப்படியன்று. பொதுமக்களுக்கான அட்டவணையில் அதன் நேரம் இராது. அதைப் படமெடுக்க விரும்புவோர் காத்திருக்கத்தான் வேண்டும். ஆயினும், அக்காத்திருப்பு வீண்போவதில்லை. கனமான சரக்குப் பெட்டிகளை ஏற்றத்தில் இழுக்க ஓர் இன்ஜின் போதாது. ஆகவே, நான்கு அச்சுகள் கொண்ட ஓர் இன்ஜினையும் ஆறு அச்சுகள் கொண்ட மற்றோர் இன்ஜினையும் சேர்த்துப் பூட்டுவது இங்கு வழக்கமாக இருந்தது. பத்து அச்சுகளும் ஒருசேர இழுக்க, நீண்ட சரக்கு இரயில் வளைவில் மெல்லத் திரும்பும் காட்சி பலருடைய படங்களில் இடம்பெற்றுள்ளது. அதற்கும் முந்தைய காலத்தில், முன்னும் பின்னும் நீண்ட மூக்கைக் கொண்ட இன்ஜின்கள் இப்பாதையில் சரக்கு இழுத்தன. அவற்றின் தோற்றத்தைக் கண்ட மக்கள் அவற்றுக்கு ‘முதலை’ என்று பெயரிட்டனர்.

மலையில் இரயிலைப் படமெடுப்பதற்கு ஆழ்ந்த கவனிப்புத் தேவை. முதலில் ஒளியைக் கவனிக்க வேண்டும். ஆழமான பள்ளத்தாக்கில் சூரியன் தாமதமாக எட்டிப் பார்க்கும், விரைவில் மறைந்துவிடும். காலையில் வெளிச்சமாக இருக்கும் வளைவு, மாலையில் மலையின் நிழலுக்குள் போய்விடும். பனிக்காலத்தில் மற்றொரு சிக்கல் எழும். பனியின் வெண்மையால் படக்கருவி ஏமாந்து, படத்தை இருட்டாக்கிவிடும். அப்போது ஒளியளவைச் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும்.

அடுத்து, வேகத்தைக் கணக்கிட வேண்டும். ஓர் இரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அது ஒரு வினாடியில் 20 மீட்டர் நகரும். படக்கருவியின் கண் நூறில் ஒரு பங்கு வினாடி திறந்திருந்தால், அதற்குள் இரயில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அருகிலிருந்து எடுத்த படம் மங்கலாகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி மட்டுமே திறந்திருந்தால், இரயில் 2 சென்டிமீட்டர்தான் நகரும். படம் தெளிவாக அமையும். இரயில் கண்ணெதிரே வந்த பிறகு இவற்றையெல்லாம் கணக்கிட நேரம் இராது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதுகாப்பைக் கருத வேண்டும். பாதைக்கு மேலே செல்லும் மின்கம்பியில் 15,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. மின்சார இரயில் பெரும்பாலும் அதிக ஓசையின்றி வரும். எனவே, பொறுப்புள்ள கலைஞர் தண்டவாளத்தின் அருகே செல்வதில்லை. பொதுச்சாலையிலோ நடைபாதையிலோ நின்று, தொலைவிலிருந்தே படமெடுக்கிறார். ஓட்டுநரின் கண் கூசும்படி பளிச்சொளியைப் பயன்படுத்துவதும் இல்லை. எவ்வளவு அழகிய படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

2016-ஆம் ஆண்டில் இம்மலைப்பாதையின் வாழ்வில் பெரிய மாற்றம் ஏற்பட்டது. மலையின் அடிப்பகுதியைக் குடைந்து அமைக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. இது உலகிலேயே மிக நீளமான இரயில் சுரங்கப்பாதையாகும். பழைய பாதையில் இரயில் 1,151 மீட்டர் உயரம்வரை ஏற வேண்டியிருந்தது; புதிய பாதையின் மிக உயர்ந்த இடமோ 549 மீட்டர்தான். இதனால் பயண நேரம் குறைந்தது. ஏற்றத்திற்காகச் செலவாகும் ஆற்றலும் மிச்சமானது. அவ்வாண்டு டிசம்பரில் நெடுந்தொலைவுப் பயணிகள் இரயில்களும் பெரும்பாலான சரக்கு இரயில்களும் புதிய பாதைக்கு மாறின. வாஸன் தேவாலயத்தை மூன்று முறை சுற்றிச் சென்ற நீண்ட சரக்கு இரயில்கள் ஏறக்குறைய மறைந்துபோயின. பழைய பாதை மூடப்படவில்லை. 2020-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செம்பு நிறத்தில் மின்னும் பயணிகள் இரயில்கள் அதில் ஓடுகின்றன. ஆனால், முன்பிருந்த பரபரப்பு இல்லை.

2023, ஆகஸ்டு 10-ஆம் நாள் புதிய சுரங்கப்பாதைக்குள் ஒரு சரக்கு இரயில் தடம்புரண்டது. தண்டவாளம் பெருஞ்சேதமடைந்தது. சேதத்தைச் சீர்செய்து, பாதையை முழுமையாகத் திறப்பதற்கு 2024, செப்டம்பர் 2 வரை ஆயிற்று. அதுவரை பயணிகள் இரயில்கள் பலவும் பழைய மலைப்பாதை வழியே திருப்பிவிடப்பட்டன. பயணத்திற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று. பயணிகளுக்கு இது தொல்லைதான். ஆனால், 140 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான அந்தப் பாதை, தேவைப்பட்ட வேளையில் நாட்டுக்குத் தோள் கொடுத்தது. மீண்டும் நெடுந்தொலைவு இரயில்கள் வாஸனைச் சுற்றி ஏறின. அக்காட்சியும் படக்கருவிகளில் பதிவாயிற்று.

2016-க்கு முன் எடுக்கப்பட்ட சரக்கு இரயில் படங்களை இன்று பார்ப்போர் ஓர் உண்மையை உணர்வர். படமெடுத்த நாளில் அந்த இரயில்கள் அன்றாடக் காட்சியே. நாளும் பலமுறை கடந்து சென்ற அவற்றை, ஊர்மக்கள் பலர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்று அப்படங்கள் வரலாற்றுச் சான்றுகளாகிவிட்டன. எந்தப் பொருள் எந்த வகைப் பெட்டியில் சென்றது, எத்தனை இன்ஜின்கள் இழுத்தன, பாதையோரம் எப்படி இருந்தது என்பவற்றை அவை காட்டுகின்றன. ஆனால், எல்லாப் படங்களும் ஒரே அளவு பயன் தருவதில்லை. நாள், நேரம், இடம், இன்ஜின் எண் ஆகியவற்றைக் குறித்து வைத்தவரின் படம் ஆய்வாளருக்கு உதவுகிறது. குறிப்பில்லாத படம் அழகாக மட்டும் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் எழுதி முடிக்கும் சிறு குறிப்பே ஒரு படத்தைச் சான்றாக மாற்றுகிறது.

சொற்பொருள்

நிழற்படம் – புகைப்படம்
அச்சு – இரு சக்கரங்களை இணைக்கும் தண்டு
பளிச்சொளி – படமெடுக்கையில் மின்னும் வெளிச்சம்
தடம்புரளுதல் – தண்டவாளத்தைவிட்டு விலகுதல்
தோள் கொடுத்தல் – துன்ப வேளையில் உதவுதல்

வினாக்கள்

1. வாஸன் தேவாலயத்தை இரயில் பயணி மூன்று முறை காண்பதற்குக் காரணம் என்ன?
2. பயணிகள் இரயிலைவிடச் சரக்கு இரயிலைப் படமெடுப்பதற்கு அதிகப் பொறுமை தேவைப்படுவது ஏன்?
3. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இரயில், நூறில் ஒரு பங்கு வினாடியில் எவ்வளவு தூரம் நகரும்?
4. ‘பழைய பாதை நாட்டுக்குத் தோள் கொடுத்தது’ – இக்கூற்றை விளக்குக.
5. உமது வட்டாரத்தில் நாள்தோறும் காணும் ஒரு காட்சியைத் தெரிவு செய்க. அதைப் படமெடுத்து, நாள், நேரம், இடம் ஆகியவற்றுடன் ஐந்து வரிக் குறிப்பு எழுதுக. இருபது ஆண்டுகளுக்குப் பின் அப்படத்தைப் பார்ப்பவர் அறிய வேண்டியது என்ன என்பதை எண்ணி எழுதுக.