இணையவழி மாநாடு: நாம் கற்க வேண்டிய பாடம்

கோவிட் நோய்ப் பரவலைத் தடுக்க, 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் மலேசியாவிலும், ஏப்ரல் 7-இல் சிங்கப்பூரிலும் கடுங்கட்டுப்பாடு வந்தது. நம் கூட்டங்கள் கைபேசிக்குள் குடிபுகுந்தன. கட்டுப்பாடு நீங்கியும் அவ்வழக்கம் நீங்கவில்லை. ஆகவே, அதனைச் செம்மையாக நடத்தும் முறையை நாம் அறிதல் அவசியம்.

முதலாவது, நேரம். தமிழகத்து நம்மவரும் கலந்துகொள்வதாயின், இரண்டரை மணி நேர வித்தியாசத்தை மறக்கலாகாது. கடையடைத்துவிட்டு இங்கே இரவு 9 மணிக்கு உட்கார்ந்தால், அங்கே மாலை 6.30, மஃரிபு வேளை. அரைமணி தாழ்த்தி வைத்தால் இரு கரையாரும் நிம்மதியாக அமரலாம்.

இரண்டாவது, ஒழுங்கு. ஸூம் செயலியின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். வரவேற்புரையிலேயே அதனைக் கரைத்துவிட்டால் தீர்மானத்துக்கு நேரமேது? நிகழ்ச்சி நிரலையும் வரவு செலவுக் கணக்கையும் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். தலைமை வகிப்பவர், இணைப்பைக் கவனிப்பவர், குறிப்பெழுதுபவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருத்தல் நலம். பேசாதவர்கள் ஒலிவாங்கியை அடைத்து வைக்க வேண்டும். கூட்டத்தைக் குலைக்கக் கடைத்தெரு இரைச்சல் ஒன்றே போதும்.

மூன்றாவதே முக்கியமானது. மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. மௌனமாயிருக்கும் பெரியவர் இணைப்பறுந்து தவித்துக்கொண்டிருக்கலாம். ஆகையால், வாக்கெடுக்கும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கருவி பழகாத மூத்த வியாபாரிகளுக்கு முந்தின நாளே ஒருமுறை ஒத்திகை பார்த்துக் கொடுப்பது நம் கடமை. பக்கத்தில் பேரப்பிள்ளை ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

மறுநாளே தீர்மானங்களை எழுதி அனைவர்க்கும் அனுப்பிவிடுவோம். காதில் விழாத தீர்மானத்தை ஒருவர் தலையில் கட்டுவது, நிறுத்துக் காட்டாத சரக்குக்கு விலை கேட்பது போலாகும்.