சருகு தள்ளும் காற்றூதியின் சிறு எஞ்சின்: கோளாறு அறிதலும் பழுது நீக்கலும்

மட்டாஞ்சேரியிலும் அதனை அடுத்த கோட்டைக் கொச்சியிலும் சாலைகளுக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரங்கள் ஏராளமாகச் சருகு உதிர்ப்பன. ஆதலால் பெட்ரோலால் இயங்கும் காற்றூதிக்கு அங்கு வேலைக்குக் குறைவில்லை. இவ்யந்திரத்தின் எஞ்சினையொத்த எஞ்சினே புல்வெட்டியிலும், முதுகில் சுமந்து மருந்து தெளிக்கும் கருவியிலும், சிறு மாறுதல்களுடன் பொருத்தப்படுகிறது. எனவே இங்குக் கூறப்படுவன அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இது மெக்கானிக்குகள் டூ ஸ்ட்ரோக் என்று வழங்கும் இரு வீச்சு எஞ்சின். இதில் மசகெண்ணெய்க்கெனத் தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெயே பிஸ்டனையும் பேரிங்குகளையும் வழுவழுப்பாக வைக்கிறது. 50க்கு 1 என்று கையேடு குறித்திருப்பின் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். 25க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். பெட்ரோலே எண்ணெயையும் சுமந்து செல்கிறது என்னும் இவ்வொன்றை மனத்திற் கொண்டால், பின்னர்க் கூறப்போகும் பெரிய கேடு எளிதில் விளங்கும்.

எஞ்சின் கிளம்ப மறுத்தவுடன் கார்புரேட்டரைக் கழற்றுவது பலரிடம் காணப்படும் வழக்கம். அது வேண்டாத வேலை. முதலில் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கை இறுக்கத்தை உணருமாயின் அமுக்கம் ஓரளவு உள்ளது என்று கொள்ளலாம். இறுக்கமே இல்லையெனில் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கக்கூடும். அது பட்டறைக்குரிய வேலை.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குக. பலமுறை கயிறிழுத்த பின்னும் அது உலர்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டரை எட்டவில்லை. ஈரமாக இருந்தால் எரிபொருள் வந்திருக்கிறது. தீப்பொறி இல்லை, அல்லது சோக்கை மூடியே இழுத்து எஞ்சின் நனைந்துவிட்டது. பொறியைச் சோதிக்க, பிளக்கைத் தொப்பியுடன் இணைத்து அதன் உலோக உடலைச் சிலிண்டரின் மீது வைத்துக் கயிற்றை இழுக்கவும். பிளக் துவாரத்துக்கு அருகில் இதனைச் செய்யலாகாது. உள்ளிருந்து வரும் ஆவி தீப்பற்றும். பொறி இல்லையெனில் முதலில் வேறு பிளக்கை இட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்தும் சுவிட்சின் கம்பி எங்கேனும் உராய்ந்து உடலைத் தொடுகிறதா என்பதையும் பார்த்த பின்னரே காயிலைக் குறை கூற வேண்டும்.

கொச்சியைப் போன்ற இடங்களில் கோளாறு பெரும்பாலும் எரிபொருளிலேயே தொடங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. அதனோடு கழிமுகத்தின் ஓயாத ஈரம். இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2022இல் 10 சதவீதத்தையும் 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் தீயதன்று, ஆனால் நீரை விரும்புவது. கலவையில் நீர் ஓரளவுக்கு மேற்பட்டால், எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீருடன் சேர்ந்து தொட்டியின் அடியில் தங்குகிறது. இவ்வளவு நீர் காற்றின் ஈரத்தினால் மட்டும் விரைவில் சேர்வதில்லை. மழையில் மூடியைத் திறந்து ஊற்றுவதாலும், திறந்த கேன்களாலுமே பெரிதும் சேர்கிறது. மசகெண்ணெயோ மேலே நிற்கும் பெட்ரோலுடன் தங்கிவிடும். தொட்டிக்குள் உறிஞ்சும் குழாயின் வாய் அடியிலன்றோ கிடக்கிறது! எஞ்சின் கிளம்பாவிடில் நல்லது. கிளம்பினால் எண்ணெயற்ற திரவத்தைக் குடித்து, சற்று நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் சீஸ் ஆயிற்று என்று பட்டறையில் கூறுவது இதனையே. அதன் பிறகு ஆகும் செலவு பல சமயங்களில் யந்திரத்தின் விலையை நெருங்கும்.

ஆகவே ஐயமுள்ள எரிபொருளைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி அசையாமல் வைத்து, அடியில் தனிப் படலம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனால் எவ்வளவு உள்ளது என்பதை ஆசிரியர்கள் எளிதில் காட்டலாம். அளவுகோடிட்ட கண்ணாடி உருளையில் எண்ணெய் கலவாத பெட்ரோல் 50 மில்லிலிட்டரும் நீர் 10 மில்லிலிட்டரும் இட்டு, மூடிக் குலுக்கி, இடையிடையே மூடியைத் தளர்த்தி ஆவியை வெளிவிட்டு, நிலைக்க விடுக. அடிப்படலம் 10இலிருந்து ஏறக்குறைய 20 ஆக உயர்ந்தால் எத்தனால் சுமார் 20 சதவீதம். இச்சோதனையைத் திறந்த வெளியில், நெருப்புக்கு வெகு தொலைவில், ஆசிரியரே செய்ய வேண்டும். எஞ்சியதைச் சாக்கடையில் கொட்டலாகாது.

சிறு எஞ்சின்களின் கையேடுகள் பல 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாதென்கின்றன. பழைய ரப்பர்க் குழாய்கள் அதனால் ஊதி, இளகி, தொட்டிக்குள் நுழையும் இடத்தில் வெடிக்கும். கார்புரேட்டரினுள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைத்துவிட்டால் அதனைச் சுத்தம் செய்து பயனில்லை; மாற்றவே வேண்டும். நுண்துளைகளில் இரும்புக் கம்பியைச் செலுத்தலாகாது. சவ்வுகளை முன்னரே அகற்றிவிட்டு, சுத்தம் செய்யும் திரவத்தாலும் காற்றாலும் துடைத்தல் போதும். எஞ்சின் சில நிமிடம் ஓடி நின்று, தொட்டி மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் ஓடுமாயின், குற்றம் கார்புரேட்டரில் இல்லை. மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது.

கிளம்புகிறது, ஆனால் வேகம் பிடிக்கவில்லை எனில் ஏர் பில்ட்டரையும் சைலன்சர் வலையில் படிந்த கரியையும் நீக்குக. பழுது பார்த்த எஞ்சினைப் பண்டகசாலைக்குள் வைத்து ஓட்டிச் சோதிப்பது அபாயம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை.

கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திராமல், அவ்வப்போது தேவையான அளவே கலத்தல் நலம். ஜூன் மாத மழைக்கு முன் யந்திரத்தை ஒதுக்கி வைப்பதாயின், தொட்டியை வடித்து, எஞ்சினைத் தானே நிற்கும்வரை ஓட்டி, அது ஆறிய பின் பிளக் துவாரத்தில் சில துளி டூ ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்துப் பிளக்கைப் பொருத்துக. பின்னர்க் கயிறு இறுகும் இடத்தில் பிஸ்டனை நிறுத்தி வைத்தால், பக்கத் துவாரங்கள் மூடியிருப்பதனால் சிலிண்டரின் மேற்பகுதிக்குள் ஈரக்காற்று எளிதில் புகாது.