ஏழாம் நூற்றாண்டுக்குக் கருங்கல் அரண்மனை வேண்டாம்

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்துருமல்லேசுவராலயம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கதையைக் குறைந்த பணத்தில் படமெடுக்க நினைப்பவர்கள், செட் வேலையைத் தொடங்குமுன் இவற்றைப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: சரித்திரப் படம் என்றாலே கோடிகளைக் கொட்ட வேண்டும்.
உண்மை: 2023 ஏப்ரலில் வந்த ‘யாத்திசை’, ரணதீர பாண்டியனை எதிர்த்த எயினர்களின் கதையைப் பெரும்பாலும் புதுமுகங்களை வைத்தே சொன்னது. காட்டுக்குடியின் பக்கம் நிற்கும் கதைக்கு அரண்மனையைவிடக் குடிசைதான் அதிகம் தேவை. செட் செலவு திரைக்கதையிலேயே முடிவாகிவிடுகிறது.

நம்பிக்கை: அரசன் வாழ்ந்தது கருங்கல் மாளிகையில்.
உண்மை: செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி அங்குள்ள குடைவரைக் கோயிலை அமைத்ததாக மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு பெருமைப்படுகிறது. மற்றக் கட்டடங்கள் எதனால் ஆனவை என்பது அதிலேயே தெரிகிறது. மரமும் செங்கல்லும் சுதையும் போதும். பாறை போன்ற பிளாஸ்டர் சுவர் தேவையில்லை.

நம்பிக்கை: பழைய காலம் என்றால் பாசியும் கறையும்.
உண்மை: கதை நடக்கும் நாளில் அந்தக் கட்டடம் புதுசு. பனமலையில் ராஜசிம்மன் கட்டிய கோயிலில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது. அன்றைய சுவரில் வண்ணம் இருந்தது.

நம்பிக்கை: செஞ்சிக் கோட்டையில் கேமராவை வைத்தால் போதும்.
உண்மை: கல்யாண மகாலின் வளைவுகளும் களஞ்சியங்களும் பல நூற்றாண்டு பிந்தியவை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் படப்பிடிப்புக்கு அனுமதி வாங்க வேண்டும். நினைத்தபடி ஆணி அடிக்க முடியாது. வெட்டவெளியில் எடுத்தாலும் சீமைக் கருவேலமும் சவுக்கும் ஃபிரேமுக்குள் வரக்கூடாது. இரண்டும் பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவை.

நம்பிக்கை: கட்டடத்தை முழுசாக எழுப்ப வேண்டும்.
உண்மை: தளவானூர் முகப்பைப் பாருங்கள். நடுவில் இரண்டு தூண், ஓரங்களில் அரைத்தூண், மேலே மகரதோரணம், இருபுறமும் துவாரபாலகர். தூணின் அடியும் தலையும் சதுரம், நடுவே எட்டுப் பட்டை. ஒரு தூணுக்கு அச்சு எடுத்தால், வேண்டிய மட்டும் ஃபைபரில் வார்த்துக்கொள்ளலாம். கேமரா திரும்பாத பக்கத்தில் சாரமும் பிளைவுட்டும் வெறுமனே நிற்கட்டும். மிச்சமாகும் பணத்தை நடிகரின் கை படும் கதவு, விளக்கு, பாத்திரங்களில் போட வேண்டும். குளோசப்பில் பொய் அங்கேதான் பல்லிளிக்கும்.