பாணுக்கு ஏன் 'எ' இல்லை?

மருதனார்மடம் சந்தையில் யாரும் வெங்காயத்தை எண்ணி வாங்குவதில்லை. கிலோக் கணக்கில் நிறுத்தே வாங்குகிறோம். பேக்கரியிலோ "ஒரு பாண் தாங்கோ" என்று எண்ணிக் கேட்கிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் தலைகீழாக வைத்திருக்கிறது. அதற்கு வெங்காயம் எண்ணக்கூடியது; 'எ கிலோ ஒஃப் அனியன்ஸ்' என்று பன்மையில் வரவேண்டும். பாண் எண்ண முடியாதது. 'எ பிறெட்' பிழை, 'எ லோஃப் ஒஃப் பிறெட்' என்பதே சரி. அங்கே எண்ணப்படுவது 'லோஃப்' மட்டுமே.

உயர்தரத்துக்கு வந்த பிறகும் எங்கள் பொது ஆங்கிலக் கட்டுரைகளில் சிவப்பு மை அதிகம் விழுவது 'எ', 'அன்', 'த' என்ற இச்சிறு சொற்களின் மீதுதான். சீனி, மா, பால் போன்றவற்றில் சிக்கல் குறைவு. தமிழிலும் 'சீனிகள்' என்று நாம் சொல்வதில்லையே! கோழியில்தான் கவனம் வேண்டும். 'ஐ ஏற் சிக்கன்' என்றால் கோழியிறைச்சி சாப்பிட்டேன். நடுவில் ஓர் 'எ' சேர்ந்தால் முழுக் கோழியையும் ஒருத்தியே தின்று முடித்ததாகிவிடும்!

'த' எங்கே வரும்? இதற்கு நமது இரண்டாம் வேற்றுமையே நல்ல துணை. "சீனி வாங்கி வா" என்று உம்மா சொன்னால் எந்தக் கடைச் சீனியும் போதும். "சீனியை எடு" என்றால் குசினியில் இருக்கும் அந்தச் சீனிதான். முதலாவது வெறும் 'சுகர்'; இரண்டாவது 'த சுகர்'. தொகையாக நின்றால் பொதுப்பொருள், 'ஐ' விரிந்தால் குறித்த பொருள். இலக்கணப் பாடத்தில் மனனம் செய்த வேற்றுமைத்தொகை ஆங்கிலத்துக்கும் உதவுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் இதை நம்பிவிடக் கூடாது. "பாலை விரும்புகிறேன்" என்பதில் 'ஐ' இருந்தும் பொருள் பொதுவானது. ஆங்கிலத்தில் 'ஐ லைக் மில்க்' என்றே வரும். "சோறு ஆறிவிட்டது" என்பதில் 'ஐ' வரவே இடமில்லை. அப்போது "எந்தச் சோறு?" என்று கேளுங்கள். கோப்பையில் போட்ட சோறு என்றால் 'த ரைஸ்'.

தோழியரே, இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்:

தங்கச்சி பால் குடித்தாள்.
தங்கச்சி பாலைக் குடித்தாள்.
வாப்பா இரண்டு பாண் வாங்கினார்.